பிள்ளையாருக்கு வந்த பெட்டி

போன மாதம் ஓர் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் எங்கள் வயதுக்காரர் எல்லாரும் ஒரே மேசையில் இருந்தோம். இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். பாயசம் வந்த நேரம் டொக்டர் அங்கிளின் மகள் கரண்டியால் மேசையைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியுமோ, இவவின்ரை அம்மா ஒருக்காப் பிள்ளையாருக்குப் பண்டிக்கொழுப்புப் படைச்சவ." மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்; பிள்ளையாரும் பன்றிக்கொழுப்பும், நல்ல கதைதான். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், உன்ரை அம்மாவுக்குத் தெரியாது" என்றாள்.

அந்தப் "பாவம்"தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில், பிழையான செய்தி போய்விட்டால் மறுநாள் உள்பக்கத்து மூலையில் சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் போடுவோம். இது அந்தத் திருத்தம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரியது. அம்மாவுக்குத் தெரியாமல் நடந்தது ஒரு பின்னேரம் மட்டும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்து நடந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. செவன் ஹில்ஸில், ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம், மெல்லிய தகட்டுச் சுவர் வைத்த ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்த நாட்களில் மேற்குச் சிட்னியின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரு வரவேற்பறைக்குள் இருத்தலாம். இருத்தினோம், கோவில் என்று ஒன்று இல்லாதபடியால் பூசை எல்லாம் வீடுகளில்தான். எங்கள் வீட்டுக்குச் சாமி அறை கிடையாது. குசினிக்குப் போகும் வழியில் துவாய் அடுக்குகிற அலுமாரி ஒன்று இருந்தது. அதன் மேல்தட்டில் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் இருந்தார்கள். கீழ்த்தட்டுகளில் துவாய்தான்.

அப்பா அரச அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறினார். அம்மா ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே ஒரு அலுவலர் அம்மாவின் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு முதலாவது குளிர்காலம் முழுக்க அம்மா யன்னலோரத்துக் கதிரையில் இருந்தார். மரக்கை வைத்த, பச்சைத் துணி போட்ட கதிரை, வீட்டுக்காரர் விட்டுப்போனது. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அதில் இருப்பார், திரும்பி வரும்போதும் அதில் இருப்பார். பக்கத்தில் ஆடை படிந்த தேத்தண்ணி. நான் கூப்பிட்டால் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதில் சொல்லுவார். அப்பா காலையில் போன பிறகு அந்தத் தொண்டைக்கு வேலையே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை. "ஊரிலை ஓடித் திரிஞ்சவ, இஞ்சையாவது கொஞ்சம் ஆறட்டும்" என்று அவர், எங்கள் சனத்துக்குள் மூத்தவரான டொக்டர் அங்கிளிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அம்மாவை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பியவர் பக்கத்து வீட்டு அன்ரி.

அன்ரி பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் என்ற தீவிலிருந்து வந்தவர். கரும்பு விளைகிற தீவு. எங்கள் ஆட்கள் அவரை "மணிலா அன்ரி" என்றார்கள். மணிலாவுக்கும் தன் ஊருக்கும் நடுவில் கடல் கிடக்கிறது என்று அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வார்; எங்கள் ஆட்கள் பொறுமையாக மறப்பார்கள். தங்களை யாராவது இந்தியர் என்று சொல்லிவிட்டால் வரைபடம் விரித்து விளக்கம் கொடுக்கிற ஆட்கள் இவர்கள். அன்ரியின் மனிசன் வெள்ளைக்காரர். தண்டவாளம் பழுது பார்ப்பவர், வீட்டுக்கு வந்தால் தக்காளியோடு மட்டும் பேசுபவர். இருவரும் கடிதம் எழுதிப் பழகிக் கலியாணம் கட்டியவர்கள். அதைப் பற்றி எங்கள் பெண்கள் குரலைத் தணித்துச் சிலது கதைத்தார்கள். அவர்களில் பலர் தங்கள் புருஷன்மாரைக் கலியாணத்துக்கு முதல் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் மின்சார சுவிச் பூட்டுகிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அன்ரி அங்கே காலை வேலை. மத்தியான வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஒரு நாள் வேலிக்கு மேலால் அம்மாவிடம் சொன்னார். பிள்ளையை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். "நான் ரெண்டு மணிக்கு வந்துவிடுவேன். பிள்ளை என்னோடு இருக்கட்டும்" என்றார் அன்ரி. அவ்வளவுதான் ஒப்பந்தம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போவேன். அப்பா வந்து எங்கள் குசினி விளக்கைப் போட்டதும், வேலியில் பலகை கழன்ற இடத்தால் நுழைந்து வீட்டுக்கு வருவேன். அம்மா அதற்குப் பிறகு வருவார், கையில் சூடான பிளாஸ்டிக் மணத்தோடு. வந்ததும் கதைக்கத் தொடங்குவார். யாருடைய சுவிச் வெடித்தது, யார் யாரைப் பார்த்துச் சிரித்தாள், கிரேக்கப் பெண் ஒருத்தி எப்படி மேற்பார்வையாளரின் நடையை நடந்து காட்டினாள். செருமல் இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "இது கொஞ்ச நாளைக்குத்தான்" என்பார்.

அன்ரி அம்மாவை "மனாங்" என்று கூப்பிட்டார். அவர்கள் தீவில் அக்கா என்பதற்கு அந்தச் சொல்.

பின்னேரங்களில் நான் அன்ரியின் குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன், அவர் கேள்வி கேட்பார். எங்கள் வீட்டில் எதையும் முதலில் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்று சொன்னேன். எந்தச் சாமிக்கு என்றார். யானை முகத்தவரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். மேலே மா, உள்ளே சர்க்கரை என்றேன். அன்ரி, "அப்படியென்றால் அவர் எங்கள் ஊர்க்காரர்" என்றார்.

ஓகஸ்ட்டில் அன்ரி கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போனார். அம்மா மேற்பார்வையாளரிடம் கேட்டு அந்தக் கொஞ்சக் காலத்துக்குக் காலை வேலைக்கு மாறினார். அன்ரி திரும்பும் வரைதான், அதற்கு மேல் ஒரு நாளும் ஏலாது என்று அந்த ஆள் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அன்ரி வந்த சனிக்கிழமை எங்களை அழைத்தார். அவர்களுடைய ஊரில் பயணம் போய் வருபவர் வெறுங்கையோடு படியேற மாட்டார். பாசலூபோங் என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பயணத்தில் யார் யாரை நினைத்தாயோ அவரவருக்கு அந்த ஊர்ச் சாமான் ஒரு பங்கு. அன்ரி கொண்டுபோன உடுப்பில் பாதியைத் தங்கச்சிமாருக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தின்பண்டம் அடுக்கியிருந்தார். மாம்பழங்களை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்களாம். அந்த அதிகாரியின் பிள்ளைகளுக்குப் பல் கூசட்டும் என்றார். பயணப் பெட்டியைத் திறந்ததும் காய்ச்சிய சீனி மணத்தது, வெண்ணெய் மணத்தது, பின்னால் புதுக்கயிறு மணத்தது.

ஒவ்வொன்றாக எடுத்து ஊர் சொன்னார். பார்கீயோஸ்: சுருட்டுப் போல உருட்டிய மெல்லிய குழல், கடித்தால் ருசிக்கு முதல் சத்தம் வரும். பிஸ்கோச்சோ: பாண் துண்டில் வெண்ணெயும் சீனியும் பூசி மறுபடி வாட்டியது. இவை இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவினது, தாங்கள்தான் நன்றாகச் செய்வதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு, இருக்கட்டும் என்றார். பினாசுக்போ அவருடைய ஊர்: நீளமாகச் சீவிய வாழைக்காய், பொரித்து, பாகில் தோய்த்து, எள்ளுத் தூவி, வெள்ளைக் கடதாசிக் கூம்பில் ஒட்டியது. கொஞ்சம் கடதாசியும் சேர்ந்துதான் வாய்க்குள் போகும். நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தபால்காரருக்கு ஒரு பொதி. பள்ளிக்கூட வாசலில் எங்களை வீதி கடத்துகிற கிழவிக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்கு நாலு பங்கு என்றார். நாங்கள் மூன்று பேர்தானே என்றார் அம்மா. "நாலு" என்று அன்ரி ஒரு சதுரத் தகரப் பெட்டியைத் தூக்கினார். சிவப்பு, மூலைகளில் மஞ்சள் பூ, நார்க்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியது. "இது யானைச் சாமிக்கு."

அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. வெளிநாட்டில் எங்கள் சாமிக்கு யாராவது ஏதாவது கொண்டு வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கயிற்றை அவிழ்த்தோம். மெழுகுக் கடதாசிக்குள் உள்ளங்கை அகலத்தில் தட்டையான பணியாரம், மேலே எள்ளு. பியாயா என்றார் அன்ரி. மெல்லிய மாத்தோலுக்குள் கறுத்த கரும்புச் சர்க்கரை. எள்ளும் சர்க்கரையும் மாவும்: அம்மாவுக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் கேட்டார். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "இதிலே முட்டை இருக்கிறதா?" அன்ரி உறுதியாகத் தலையாட்டினார், இல்லை. வெள்ளைக்காரர் நாட்டில் வெதுப்பிய சாமான் என்றால் முட்டைதான் எங்கள் பயம். சைவ வீடுகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. எங்களிடம் இரண்டாவது கேள்வி இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆவணிச் சதுர்த்தி. பூசை அந்தத் தடவை எங்கள் வீட்டு முறை. அம்மா விடிய எழும்பி மோதகம் அவித்துப் பார்த்தார். பனங்கட்டிக்குப் பதில் நீலப் பொதியில் வந்த மண்ணிறச் சீனி. அது உள்ளே தண்ணியாகி, மோதகங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. மறுபடி அவிக்க மா இருக்கவில்லை. மிஞ்சிய சில மோதகங்களைத் தட்டின் ஓரத்தில் வைத்து, நடுவில் பியாயாக்களை அடுக்கினார். அவருக்கென்று வந்ததை அவருக்கு முன்னால் வைக்கிறேன், இதில் என்ன என்றார் அப்பாவிடம். அப்பா ஏற்கெனவே பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தவர், அவர் மறுக்கவில்லை.

பின்னேரம் எல்லாக் குடும்பமும் வந்தது. அன்ரியும் வந்தார்; அம்மா போய்க் கூப்பிட்டது. பூப்போட்ட சட்டையோடு, முழங்காலை ஒரு பக்கம் மடித்து, பெண்களோடு நிலத்தில் இருந்தார். டொக்டர் அங்கிள் தேவாரம் சொன்னார், கற்பூரம் காட்டினார். நான்தான் தட்டைக் கொண்டு திரிந்தேன். மோதகத்தை எடுத்தவர்கள் குறைவு. டொக்டர் அங்கிளின் மனிசி, டொக்டர் அன்ரி, ஒரு பியாயாவைச் சாப்பிட்டு, இரண்டாவதை எடுத்து, பக்கத்தில் இருந்த எங்கள் அன்ரியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இவ்வளவு மிருதுவாக வருகிறதே, என்ன நெய் போடுவீர்கள்?

அன்ரிக்கு முகம் மலர்ந்தது. வந்த சனத்தில் ஒருவரும் அதுவரை அவரிடம் எதையும் கேட்கவில்லை.

"நெய் இல்லை, பன்றிக்கொழுப்பு" என்றார். "கடைக்காரர் இப்போது மாஜரின் போடுகிறார்கள், அது சரிவராது. இது சாமிக்கு என்றபடியால் என் அம்மாவைக் கொண்டே செய்வித்தேன். கொழுப்பை அவரே வீட்டில் உருக்கினார்."

யாரும் கத்தவில்லை. டொக்டர் அன்ரி கையிலிருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தார். ஒரு மாமி எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணிக்குழாய் நெடுநேரம் ஓடியது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் வாய்க்குள் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் வைத்திருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விழுங்கினார்.

டொக்டர் அங்கிள் அப்பாவிடம் தமிழில் சொன்னார். "தம்பி, உந்தத் தட்டை எடுத்துக் குப்பையிலை போடச் சொல்லும். இப்பவே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாரும் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணைப் பார்த்தால் விளங்குவதற்குப் பாஷை தேவையில்லை. அவர் கையை மடியில் கோத்துக்கொண்டார்.

"அது எனக்கு வந்ததில்லை" என்றார் அம்மா. "உங்களுக்கு வந்ததும் இல்லை. அவருக்கெண்டு கொண்டு வந்தது. அவர் வேண்டாமெண்டு சொல்லட்டும், எடுக்கிறன்."

குரல் உயரவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்கிற குரல். சிட்னியில் அதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அன்ரி என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை என்றேன். மீன்? இல்லை. கோழி? இல்லை. அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் நான் அவருடைய மேசையில் எதையெல்லாம் சாப்பிட்டேன் என்று மனதுக்குள் ஓடவிடுகிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சனம் சாப்பிடாமலே போய்விட்டது. பெரிய சட்டி நிறையப் புளிச்சாதம் இருந்தது. மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டோம். தட்டில் மிஞ்சிய பியாயாக்களை அம்மா திரும்பச் சிவப்புப் பெட்டிக்குள் அடுக்கி மேல்தட்டில் வைத்தார். கார்களின் சத்தம் அடங்கியதும் அப்பா, இனிப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்றார். அப்போ நான் வேலைக்குப் போவது எப்படி என்று அம்மா கேட்டார். "விடும். மாத முடிவிலை சொல்லிப்போட்டு நில்லும். என்ன, வீட்டிலை சும்மா இருக்கிறது கஷ்டமோ?" என்றார் அப்பா. அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அம்மா யன்னலோரத்துக் கதிரையைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா பத்திரிகை வாங்கப் போன நேரம் அன்ரி பின்கதவுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. பெட்டியைத் தந்துவிடுங்கள் மனாங், நான் கொண்டுபோய்விடுகிறேன் என்றார்.

"கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் உங்கள் ஊரில் இருக்கிறதா?" என்று அம்மா கேட்டார்.

இல்லை என்றார் அன்ரி.

"எங்கள் ஊரிலும் இல்லை" என்றார் அம்மா. "ஆனால் கதிரை ஒன்று இருக்கிறது. பிடியும் ஒரு பக்கம்."

இரண்டு பெண்களும் அந்தப் பச்சைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள். வேலி ஓட்டைக்குள்ளால் அது போகவில்லை. தக்காளிப் பாத்தியில் நின்ற அன்ரியின் மனிசன் சுத்தியலை எடுத்து வந்து இன்னொரு பலகையைக் கழற்றிவிட்டார். அந்தக் கதிரை அன்ரியின் குசினி மேசைக்குப் போனது. பிள்ளை இருந்து படிக்க என்று அம்மா காரணம் சொன்னார். அப்பா திரும்பி வந்து வெறுமையான யன்னலோரத்தைப் பார்த்தார். பத்திரிகையைக் குசினிக்குக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனார். நான் அந்தக் கதிரைக்குப் போனேன். அங்கே என்ன சாப்பிடலாம் என்று முதல் நாள் இரவே கேட்டிருந்தேன். அம்மா, நான் கேட்கமாட்டேன், நீ சொல்லவும் வேண்டாம் என்றார். இதை ஒரு சலுகையாக அப்போது நினைத்தேன். அன்ரியோ கோழியையும் மீனையும் நிறுத்திவிட்டார். எதில் பொரித்ததோ என்று பயந்து, பினாசுக்போவைக்கூட நான் கெஞ்சினால் மட்டும் தருவார்.

அந்த மாதம் எங்கள் தொலைபேசி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா அம்மாவுடன் பேசினாலும் சாமான்களைப் பற்றி மட்டும் பேசினார். உப்பு, தபால், குளிர். மாத முடிவு நெருங்கியது. சிவப்புப் பெட்டி மேல்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை என்று எல்லாரும் நினைத்தோம்.

ஒரு பின்னேரம் அன்ரியின் வீட்டில் பென்சில் முறிந்தது. வேறொன்று எடுக்க, விளக்கு எரியும் வரை காத்திராமல் வேலியால் வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்கு முன்னால் நின்றார். சப்பாத்தை மட்டும் கழற்றியிருந்தார். ஒரு கையில் பெட்டியின் மூடி. மற்றக் கை வாயில். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கி முடிந்ததும் விரல் நுனியை நனைத்து, கழுத்துப்பட்டியில் விழுந்திருந்த எள்ளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். பிறகு பிள்ளையாரைப் பார்த்து ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு விளக்கைப் போட்டார்.

நான் பென்சில் எடுக்காமல் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மாதத்தின் கடைசிச் சனி, டொக்டர் அங்கிள் வந்தார். கோபமாக வரவில்லை, உதவி செய்ய வந்தார், அதுதான் இன்னும் கஷ்டம். காசியிலிருந்து கொண்டுவந்த சின்னச் செப்புச் செம்பு ஒன்று கையில், வாய் அடைத்து, உள்ளே கங்கைத் தண்ணி. வரவேற்பறையில் இருந்து, ஒரு ஒழுங்கு சொன்னார். பெட்டியை எறிய வேண்டும், தண்ணியைத் தெளித்துச் சாமித்தட்டைக் கழுவ வேண்டும், வாற வெள்ளி அம்மா எல்லாருக்கும் முன்னால் பிழை நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு எல்லாம் பழையபடி. பக்கத்து வீட்டுத் தொடர்பைப் பற்றியும் சொன்னார்: அப்படி வந்த பெண்கள் எத்தனை நாளைக்கு நிலைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும், பிள்ளையை அங்கே விடுவது புத்தியா?

அம்மா செம்பை வாங்கினார். "காசிக்குப் போனபோது எங்களை நினைச்சுக் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம், எல்லாருக்கும் எண்டுதான்" என்றார் அங்கிள்.

"அவவும் அப்பிடித்தான் கொண்டு வந்தவ." அம்மா எழுந்துபோய்ச் செம்பை மேல்தட்டில், சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அடைப்பைத் திறக்கவில்லை. "ரெண்டும் இருக்கட்டும்."

அங்கிளுக்குப் பொறுமை போனது. தம்பி, நீர் எடும் அந்தப் பெட்டியை என்றார். அப்பா எழுந்தார். எழும்பிய வேகத்தில் போய்ப் பெட்டியைத் தூக்கினார். தூக்கியதும் நின்றார். தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எவ்வளவு தூரம் காலி செய்துவிட்டார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"திறந்து பாருங்கோ" என்றார் அம்மா.

அப்பா திறக்கவில்லை. அங்கிள் வாங்கித் திறந்தார். மெழுகுக் கடதாசி, கொஞ்சம் எள்ளு, மூலையில் ஒரு சர்க்கரைப் பொருக்கு. அங்கிள் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அம்மாவைப் பார்த்தார். அம்மா பன்றி தொடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். அப்பாவைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"பிள்ளையார் சாப்பிட்டிட்டார் போலை" என்றார் அம்மா. அப்பாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அங்கிள் மூடியை மூடினார். சரி, அது முடிந்தது, ஆனால் பிள்ளை இனி அந்த வீட்டுக்குப் போகாதுதானே என்று அப்பாவிடம் கேட்டார். அறையில் ஒரு கதிரை குறைந்தபடியால் அப்பா நின்றுகொண்டே இருந்தார். காது சிவந்திருந்தது.

"போகும்" என்றார் அப்பா.

மாத முடிவில் அம்மா வேலையை விடுவதாக யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் நான் அன்ரியின் குசினியில் இருந்தபோது முன்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வேலி ஓட்டையால் என்னைக் கூப்பிடாமல், வீதியால் சுற்றி, கேட்டைத் திறந்து, அப்பா வந்து நின்றார். அந்த வீட்டு வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. அன்ரி உள்ளே வரச் சொன்னார். அப்பா பச்சைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியோடு ஒரு தட்டு வந்தது. பார்கீயோஸ்தான், வேறு ஒன்றுமில்லை, என்றார் அன்ரி. அப்பாவின் முகத்தில் வந்த ஏமாற்றத்தை நான் மட்டும் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. முதலில் வந்தவர் டொக்டர் அன்ரி, தனியாக, நெய்யில் செய்தால் சரிவருமா என்று கேட்டுக்கொண்டு. அம்மா சுவிச் பூட்டினார், எனக்குப் பள்ளிச் சீருடை போய் வேலைக்குப் போகும் உடுப்பு வரும் வரை. அடுத்த ஆவணியில் வெண்ணெயை உருக்கி, அம்மாவும் அன்ரியும் சேர்ந்து பியாயா சுட்டார்கள். பிள்ளையாருக்கு முன்னால், அதே தட்டின் நடுவில் வைத்தார்கள். அன்ரியும் அதே இடத்தில் வந்து இருந்தார். பிழை நடந்துவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தையை அம்மா கடைசி வரை சொல்லவில்லை. சிவப்புப் பெட்டியில் பிறகு செத்தல் மிளகாய் இருந்தது. ஏதோ ஒரு தடவை வீடு மாறியபோது தொலைந்தது. கங்கைச் செம்பு என்னிடம் இருக்கிறது, அடைத்தபடி.

நெய்யில் செய்தது நன்றாகத்தான் இருந்தது. முதல் பெட்டியில் வந்தது இன்னும் நன்றாக இருந்தது. இதையும் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, டொக்டர் அங்கிளின் மகளே, என் தோழியே, கதையைச் சொல். எந்த விருந்திலும் சொல், மேசையைத் தட்டிச் சொல். பாவம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு. வருகிற ஆவணியில் எங்கள் வீட்டுக்கும் வா. இப்போது பிளாக்டவுனில் ஒரு பிலிப்பைன்ஸ் கடை இருக்கிறது. பியாயா பொதியாக வருகிறது. என்ன கொழுப்பு என்பது பின்பக்கத்தில் எழுதியிருக்குமாம். நான் வாங்கி, பிரித்து, தட்டில் அடுக்கி, அவருக்கு முன்னால் வைப்பேன்.

பொதியைத் திருப்பிப் பார்ப்பதில்லை.